கலிபோர்னியா முன்மொழிவு 8 எதிர்ப்புப் பரப்புரை

முன்மொழிவு 8 என்பது ஐக்கிய அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் 2008 நவம்பர் 4 அன்று பொது வாக்கெடுப்புக்கு விடப்பட்ட ஓர் அரசியலமைப்புத் திருத்தம் ஆகும். ஆணுக்கும் பெண்ணுக்கும் இடையிலான திருமணம் மட்டுமே கலிபோர்னியாவில் செல்லுபடியாகும், ஏற்கப்படும் என்பதே அதன் முழு உள்ளடக்கம். ஆங்கில மூலத்தில் அது பதினான்கு சொற்களைக் கொண்ட ஒற்றை வாக்கியம். அதனைத் தோற்கடிக்கும் நோக்கில் நடத்தப்பட்ட பரப்புரை, தொடக்கத்தில் கருத்துக் கணிப்புகளில் முன்னணியில் இருந்தும் இறுதியில் தோல்வியுற்றது. திருத்தத்தின் விளைவை நீக்க நீதிமன்றத்தில் ஏறத்தாழ ஐந்து ஆண்டுகளும், அதன் சொற்களை அரசியலமைப்பிலிருந்து அகற்ற மேலும் பதினோரு ஆண்டுகளும் ஆயின. பொது வாக்கெடுப்பு முறை இல்லாத இந்தியாவில் இதே கேள்வி எவ்வழியில் எழுந்தது என்பது இக்கட்டுரையின் இறுதியில் ஒப்பீடாகத் தரப்பட்டுள்ளது.

முன்மொழிவு முறை

இந்திய வாசகருக்கு இம்முறை புதிது என்பதால் சிறு விளக்கம் தேவைப்படுகிறது. கலிபோர்னியாவில் சட்டமன்றம் மட்டுமே சட்டம் இயற்றுவதில்லை. 1911 ஆம் ஆண்டு ஆளுநர் ஐரம் ஜான்சன் காலத்தில் கொண்டுவரப்பட்ட சீர்திருத்தத்தின்படி, குடிமக்கள் போதிய கையொப்பங்களைத் திரட்டினால் தாங்களே எழுதிய சட்டத்தை நேரடியாக வாக்கெடுப்புக்கு விடலாம். சாதாரணச் சட்டத்துக்கு, முந்தைய ஆளுநர் தேர்தலில் பதிவான வாக்குகளில் 5 விழுக்காடு அளவுக்கும், அரசியலமைப்புத் திருத்தத்துக்கு 8 விழுக்காடு அளவுக்கும் கையொப்பங்கள் வேண்டும். வாக்கெடுப்பில் பாதிக்கு மேல் ஒரு வாக்கு கிடைத்தாலே திருத்தம் நிறைவேறிவிடும். இந்திய அரசியலமைப்பைத் திருத்த நாடாளுமன்றத்தின் ஒவ்வோர் அவையிலும் வந்து வாக்களிப்போரில் மூன்றில் இரு பங்கினரின் ஆதரவு தேவை என்பதை நினைவிற் கொண்டால், கலிபோர்னிய முறை எவ்வளவு எளிது என்பது விளங்கும்.

இருப்புப்பாதை நிறுவனங்களின் பிடியிலிருந்து சட்டமன்றத்தை விடுவிக்கவே இம்முறை கொண்டுவரப்பட்டது. ஆயினும் சிறுபான்மையினருக்கு எதிராகவும் அது பலமுறை பயன்பட்டுள்ளது. குடியுரிமை பெறத் தகுதியற்ற ஆசியர்கள் விளைநிலம் வைத்திருப்பதைக் கட்டுப்படுத்திய 1920 ஆம் ஆண்டுச் சட்டம் வாக்கெடுப்பின் மூலம் வந்ததே. 1923 இல் பகத் சிங் திந்த் வழக்கில் இந்தியர்கள் குடியுரிமைக்குத் தகுதியற்றவர்கள் என உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தபின், கலிபோர்னியாவில் உழவு செய்த பஞ்சாபியரையும் அச்சட்டம் தாக்கியது. வீடு விற்பதில் இனப் பாகுபாடு காட்டுவதைத் தடுத்த சட்டத்தை 1964 இல் வாக்காளர்கள் பெரும்பான்மையுடன் நீக்கினர். பின்னர் நீதிமன்றங்கள் அந்த முடிவைச் செல்லாததாக்கின.

எதிர்த்தரப்பு வென்ற ஒரு முன்னுதாரணமும் உண்டு. தன்பாலீர்ப்பாளர்கள் அரசுப் பள்ளிகளில் ஆசிரியராக இருப்பதைத் தடைசெய்ய முனைந்த முன்மொழிவு 6, 1978 இல் 58 விழுக்காட்டினரால் நிராகரிக்கப்பட்டது. சான் பிரான்சிஸ்கோ நகர மன்ற உறுப்பினர் ஆர்வி மில்க் அப்பரப்புரையின் முகமாக விளங்கினார். தன்பாலீர்ப்பாளர்கள் தம்மை மறைத்துக்கொள்ளாமல் குடும்பத்தாரிடமும் அண்டை வீட்டாரிடமும் பேச வேண்டும் என்பதே அவர் வலியுறுத்திய வழிமுறை. முப்பது ஆண்டுகளுக்குப் பின் நடந்த பரப்புரை இதிலிருந்து விலகிச் சென்றது என்பதே அதன்மீது பின்னர் வைக்கப்பட்ட முதன்மையான குறை.

பின்னணி

2000 மார்ச் 7 அன்று நடந்த வாக்கெடுப்பில், ஆண்-பெண் திருமணம் மட்டுமே ஏற்கப்படும் என்ற முன்மொழிவு 22 ஏறத்தாழ 61 விழுக்காடு ஆதரவுடன் நிறைவேறியது. அது சாதாரணச் சட்டமே அன்றி அரசியலமைப்புத் திருத்தம் அன்று. 2004 பெப்ரவரியில் சான் பிரான்சிஸ்கோ நகர முதல்வர் கேவின் நியூசம் ஒருபால் இணையருக்குத் திருமண உரிமம் வழங்க உத்தரவிட்டார். ஏறத்தாழ ஒரு மாதத்தில் நான்காயிரம் இணையர் அளவில் மணந்துகொண்டனர். நகர முதல்வருக்கு அந்த அதிகாரம் இல்லை எனக் கூறி அத்திருமணங்கள் அனைத்தையும் மாநில உச்ச நீதிமன்றம் அதே ஆண்டு ஆகத்தில் செல்லாதவை என அறிவித்தது. மாநிலச் சட்டமன்றம் 2005 இலும் 2007 இலும் ஒருபால் திருமணத்தை ஏற்கும் சட்டமுன்வரைவுகளை நிறைவேற்றியது. ஆளுநர் ஆர்னோல்ட் சுவார்செனேகர் இரண்டையும் மறுத்துத் திருப்பி அனுப்பினார்.

2008 மே 15 அன்று மாநில உச்ச நீதிமன்றம், முன்மொழிவு 22 மாநில அரசியலமைப்புக்கு முரணானது என 4-3 என்ற வாக்குகளில் தீர்ப்பளித்தது. சூன் 16 மாலை முதல் திருமணங்கள் தொடங்கின. ஆனால் தீர்ப்பு வரும் முன்பே எதிரணியினர் அடுத்த படிக்கு ஆயத்தமாகி, பதினொரு இலட்சத்துக்கும் மேற்பட்ட கையொப்பங்களை அளித்திருந்தனர். தேவைப்பட்டவை ஏழு இலட்சத்துக்குச் சற்றுக் குறைவானவையே. சூன் 2 அன்று முன்மொழிவு 8 வாக்குச்சீட்டில் இடம்பெறத் தகுதி பெற்றது. சாதாரணச் சட்டத்தை அரசியலமைப்பைக் காட்டி நீதிமன்றம் நீக்கிவிட்டதால், இம்முறை அரசியலமைப்பையே மாற்றிவிடுவது என்பதே அவர்களின் உத்தி.

இதனால் விந்தையான நிலை ஒன்று உருவானது. நவம்பர் வரை திருமணம் செய்துகொள்ளலாம். அதன்பின் இயலுமா என்பதை அயலார் வாக்களித்து முடிவு செய்வர். அந்த இடைப்பட்ட காலத்தில் ஏறத்தாழ 18,000 ஒருபால் இணையர் மணந்துகொண்டனர். தங்கள் திருமணமும் நிலைக்குமா என்பது வாக்களிப்பு நாளில் அவர்களுக்கே தெரியாது.

இரு அணிகள்

ஆதரவு அணியை அரசியல் ஆலோசகர் ஃபிராங்க் சூபர்ட் வழிநடத்தினார். கத்தோலிக்க ஆயர்கள், நற்செய்திக் கிறித்தவ சபைகள், கத்தோலிக்க அமைப்பான கொலம்பசு வீரர்கள் சங்கம் ஆகியோர் உடனிருந்தனர். மோர்மன் திருச்சபை தன் உறுப்பினர்களை நேரமும் பொருளும் தந்து உதவுமாறு 2008 சூனில் மடல் வழியே கேட்டுக்கொண்டது. வீடு வீடாகச் சென்ற தொண்டர்களில் கணிசமானோர் அச்சபையினர்.

எதிர்ப்பு அணி "எட்டுக்கு இல்லை" என்ற முழக்கத்தின் கீழ் இயங்கியது. 'ஈக்வாலிட்டி கலிபோர்னியா' அமைப்பின் ஜெஃப் கோர்ஸ், பெண் தன்பாலீர்ப்பாளர் உரிமைகளுக்கான தேசிய மையத்தின் கேட் கெண்டல், லாஸ் ஏஞ்சலஸ் மையத்தின் லோரி ஜீன் உள்ளிட்ட பலர் கொண்ட குழு முடிவுகளை எடுத்தது. குடியுரிமைகள் சங்கமும் பல தொழிற்சங்கங்களும் ஆதரவளித்தன. கலிபோர்னிய ஆசிரியர் சங்கம் பத்து இலட்சம் டாலருக்கும் மேல் வழங்கியது. இருமுறை சட்டமுன்வரைவை மறுத்த ஆளுநர் சுவார்செனேகரே இம்முன்மொழிவை எதிர்த்தார். அதிபர் வேட்பாளராக இருந்த பராக் ஒபாமா, ஒருபால் திருமணத்தை அப்போது ஆதரிக்காதபோதிலும், உரிமையைப் பறிக்கும் இத்திருத்தத்தை எதிர்ப்பதாகத் தெரிவித்தார். இந்த இரட்டை நிலைப்பாட்டை ஆதரவு அணி தன் விளம்பரங்களில் பயன்படுத்திக்கொண்டது.

மென்பொருள் துறையும் ஒதுங்கி நிற்கவில்லை. கூகுள் நிறுவனத்தின் எதிர்ப்பை அதன் இணை நிறுவனர் செர்கே பிரின் 2008 செப்டம்பரில் வெளிப்படையாக அறிவித்தார். ஆப்பிள் நிறுவனம் ஒரு இலட்சம் டாலர் கொடுத்தது. மறுபுறம், ஆதரவு அணிக்கு ஆயிரம் டாலர் வழங்கியிருந்த ஜாவாஸ்கிரிப்ட் மொழியின் உருவாக்குநர் பிரெண்டன் ஐக், 2014 இல் மொசில்லா நிறுவனத்தின் தலைமைச் செயல் அலுவலராக அமர்த்தப்பட்டபோது அந்நன்கொடை மீண்டும் பேசுபொருளாகி, இரு வாரங்களுக்குள் பதவி விலகினார். கலிபோர்னியச் சட்டப்படி நூறு டாலரும் அதற்கு மேலும் கொடுப்போரின் பெயர் பொதுவில் வெளியிடப்படும் என்பதால் இது சாத்தியமாயிற்று.

இரு தரப்பும் சேர்ந்து எட்டுக் கோடி டாலருக்கு மேல் செலவிட்டன. எதிர்ப்பு அணியே சற்று அதிகம் திரட்டியது. எனினும் அதில் பெரும்பகுதி அக்டோபரில், காலம் கடந்து வந்து சேர்ந்தது.

வாக்குச்சீட்டுத் தலைப்பு

வாக்குச்சீட்டில் ஒவ்வொரு முன்மொழிவுக்கும் தலைப்பு எழுதும் பொறுப்பு மாநிலத் தலைமை வழக்குரைஞருடையது. கையொப்பம் திரட்டிய காலத்தில் இருந்த தலைப்பைத் தலைமை வழக்குரைஞர் ஜெர்ரி பிரவுன் மாற்றி, ஒருபால் இணையரின் திருமண உரிமையை நீக்குகிறது என்ற பொருள்பட எழுதினார். ஆதரவு அணியினர் இதனை எதிர்த்துத் தொடுத்த வழக்கு ஆகத்தில் தள்ளுபடியானது. எதிர்ப்பு அணிக்கு இது பெரும் ஆதாயமாகக் கருதப்பட்டது. செப்டம்பரில் வெளியான ஃபீல்ட் கருத்துக் கணிப்பில் 38 விழுக்காட்டினர் ஆதரவும் 55 விழுக்காட்டினர் எதிர்ப்பும் தெரிவித்தனர். பதினேழு புள்ளி முன்னிலை கண்ட பரப்புரைக் குழு, வெற்றி கைக்கு எட்டியதாகவே எண்ணியது.

வாக்காளரைக் குழப்பும் கூறு ஒன்றும் இருந்தது. ஒருபால் திருமணம் தொடர வேண்டும் என்போர் "இல்லை" என்றும், கூடாது என்போர் "ஆம்" என்றும் வாக்களிக்க வேண்டும். திருமணத்துக்கு ஆம் சொல்வதாக எண்ணி "ஆம்" குறித்தவர்களும், அதற்கு நேர்மாறாகச் செய்தவர்களும் இரு தரப்பிலும் இருந்தனர்.

விளம்பரப் போர்

செப்டம்பர் இறுதியில் ஆதரவு அணியின் முதல் தொலைக்காட்சி விளம்பரம் வெளியானது. மே மாதத் தீர்ப்பைக் கொண்டாடிய கூட்டத்தில் நியூசம், மக்கள் விரும்பினாலும் விரும்பாவிட்டாலும் இது வந்தே தீரும் என்னும் பொருளில் முழங்கிய காட்சியே அதன் மையம். மக்கள் கருத்தை நகர முதல்வரும் நீதிபதிகளும் மதிக்கவில்லை என்ற எண்ணத்தை விதைக்க அச்சில விநாடிகளே போதுமானவையாக இருந்தன.

அக்டோபரில் வந்த அடுத்த விளம்பரமே போக்கை மாற்றியது. பள்ளியிலிருந்து வீடு திரும்பும் சிறுமி, இளவரசன் ஒருவன் இன்னோர் இளவரசனை மணக்கும் கதைப்புத்தகத்தைத் தாயிடம் காட்டுகிறாள். தானும் ஓர் இளவரசியை மணக்கலாம் என்கிறாள். மாசசூசெட்சு மாநிலப் பள்ளியில் அத்தகைய நூல் வாசிக்கப்பட்டதும், அதை எதிர்த்துப் பெற்றோர் தொடுத்த வழக்கு தோற்றதும் உண்மை நிகழ்வுகள். ஆனால் முன்மொழிவு 8 இன் பதினான்கு சொற்களில் பள்ளியைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. உடல்நலக் கல்வி வகுப்புகளிலிருந்து பிள்ளையை விலக்கிக்கொள்ளக் கலிபோர்னியச் சட்டம் பெற்றோருக்கு ஏற்கெனவே உரிமை அளித்திருந்தது. இந்நிலையில் சான் பிரான்சிஸ்கோவின் முதலாம் வகுப்புப் பிள்ளைகள் சிலர், தம் ஆசிரியையின் ஒருபால் திருமணத்தைக் காண நகர மண்டபத்துக்கு அழைத்துச் செல்லப்பட்ட செய்தி அக்டோபரில் வெளியானது. பெற்றோரின் ஒப்புதலுடனேயே அது நடந்தது. இருந்தும் ஆதரவு அணிக்கு அதைவிடச் சிறந்த விளம்பரம் கிடைத்திருக்க முடியாது.

எதிர்ப்பு அணி உடனே பதிலளிக்கவில்லை. பள்ளி பற்றிய குற்றச்சாட்டை மறுத்தால் அதனையே மீண்டும் நினைவூட்டியதாகும் என்று அஞ்சி, ஏறத்தாழ இரண்டு வாரங்கள் வேறு செய்திகளையே ஒளிபரப்பியது. இறுதியில் மாநிலப் பொதுக்கல்விக் கண்காணிப்பாளர் ஜாக் ஓ'கானல் தோன்றி, இம்முன்மொழிவுக்கும் பள்ளிக்கும் தொடர்பில்லை என விளக்கினார். செனட்டர் டயான் ஃபைன்ஸ்டைன் பேசிய விளம்பரமும் வந்தது. சாமுவேல் ஜாக்சன் குரலில் ஒலித்த ஒன்று, சப்பானிய அமெரிக்கர்கள் முகாம்களில் அடைக்கப்பட்டதையும், ஆர்மீனியர் வீடு வாங்கத் தடுக்கப்பட்டதையும், கலப்பின மணம் தடைசெய்யப்பட்டிருந்ததையும் நினைவூட்டி, அதே பிழையை மீண்டும் செய்யலாகாது என்றது.

இவ்விளம்பரங்களில் பெரும்பாலானவற்றில் ஒருபால் இணையர் எவரும் தோன்றவில்லை. நடுநிலை வாக்காளர்கள் அவர்களைக் கண்டால் விலகிவிடுவர் எனச் சோதனைக் குழுக்களில் தெரியவந்ததாக ஆலோசகர்கள் கருதினர். உரிமை, சமத்துவம், பாகுபாடு போன்ற பொதுச் சொற்களே முன்னிறுத்தப்பட்டன. யாருடைய திருமணம் பறிபோகவிருந்ததோ அவர்களே திரையில் இல்லாத பரப்புரையாக அது அமைந்தது. அக்டோபரில் நிலைமை மோசமாவதை உணர்ந்து பாட்ரிக் குரியேரோ பரப்புரை இயக்குநராக வரவழைக்கப்பட்டார். பணம் குவிந்தது, முன்னிலை குறைந்துகொண்டே வந்தது.

வாக்கெடுப்பு முடிவு

முன்மொழிவு 8 க்கு ஆதரவாக 70,01,084 வாக்குகளும் (52.24 விழுக்காடு) எதிராக 64,01,482 வாக்குகளும் (47.76 விழுக்காடு) பதிவாயின. வேறுபாடு ஆறு இலட்சத்துக்குச் சற்றுக் குறைவு. சான் பிரான்சிஸ்கோவில் நான்கில் மூன்று பங்கினர் எதிர்த்து வாக்களித்தனர். மாநிலத்தின் மிகப் பெரிய மாவட்டமான லாஸ் ஏஞ்சலஸ் மயிரிழையில் ஆதரவுப் பக்கம் சாய்ந்தது. அதே நாளில் அதே வாக்காளர்கள் ஒபாமாவுக்கு 61 விழுக்காடு வாக்களித்தனர். பண்ணைக் கோழிகளையும் கன்றுகளையும் நெருக்கமான கூண்டில் அடைப்பதைத் தடுக்கும் முன்மொழிவு 2 உம் அன்றே 63 விழுக்காடு ஆதரவுடன் நிறைவேறியது. இதனைக் கசப்புடன் சுட்டிக்காட்டாத எதிர்ப்பணித் தொண்டர் அரிது.

மறுநாள் முதல் திருமணங்கள் நிறுத்தப்பட்டன. நவம்பர் 15 அன்று அமெரிக்காவின் பல நகரங்களில் ஒரே நேரத்தில் கண்டனக் கூட்டங்கள் நடந்தன. இணையம் வழியே சில நாட்களில் ஒருங்கிணைக்கப்பட்ட அவற்றில், பரப்புரைக் காலத்தில் காணப்படாத பெருந்திரள் கூடியது.

தோல்வி குறித்த ஆய்வுகள்

வாக்களித்து வெளிவந்தோரிடம் எடுக்கப்பட்ட கணிப்பு ஒன்று, கறுப்பின வாக்காளரில் 70 விழுக்காட்டினர் முன்மொழிவை ஆதரித்ததாகக் காட்டியது. உடனே தோல்விக்கு அவர்களே காரணம் என்ற பேச்சு பரவியது. அரசியல் அறிவியலாளர்கள் பாட்ரிக் ஈகன், கென்னத் செரில் ஆகியோர் 2009 சனவரியில் வெளியிட்ட ஆய்வு, உண்மை அளவு 58 விழுக்காட்டை ஒட்டியதே என்றும், இனத்தைவிட வழிபாட்டில் பங்கேற்கும் அளவும் வயதும் அரசியல் சார்பும் முதன்மையான காரணிகள் என்றும் காட்டியது. முப்பது வயதுக்கு உட்பட்டோரில் பெரும்பான்மையினர் எதிர்த்தும் முதியோரில் பெரும்பான்மையினர் ஆதரித்தும் வாக்களித்திருந்தனர்.

இன்னும் விரிவானது டேவ் ஃபிளைஷர் 2010 இல் வெளியிட்ட அறிக்கை. நாள்தோறும் எடுக்கப்பட்ட உட்கணிப்புகளை ஆராய்ந்த அவர், கடைசி வாரங்களில் அணி மாறியோரில் மிகப் பெரும் பகுதியினர் பதினெட்டு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளைக் கொண்ட பெற்றோர் எனக் கண்டார். அவர்கள் ஏறத்தாழ ஐந்து இலட்சம் பேர். பெற்றோரின் அச்சத்துக்கு நேரடியாகவும் விரைவாகவும் விடையளிக்காமையே பெரும்பிழை என்பது அவர் முடிவு.

இதன் தொடர்ச்சியாக லாஸ் ஏஞ்சலஸ் மையத்தின் தொண்டர்கள், தங்களுக்கு எதிராக வாக்களித்தோரின் வீட்டுக் கதவைத் தட்டி, வாதிடாமல் அவர்கள் கூறுவதை நீண்ட நேரம் கேட்டுத் தம் வாழ்வனுபவத்தையும் பகிரும் முறையை வளர்த்தெடுத்தனர். இம்முறையின் பயனை மெய்ப்பித்ததாக 2014 இல் 'சயன்ஸ்' இதழில் வந்த கட்டுரை, தரவுகள் நம்பத்தகாதவை எனத் தெரியவந்ததால் 2015 இல் திரும்பப் பெறப்பட்டது. அம்மோசடியை வெளிக்கொணர்ந்தோரில் இருவரான டேவிட் புரூக்மன், சோசுவா கல்லா ஆகியோர் மையாமியில் திருநர் குறித்த உரையாடல்களை முறையாக ஆராய்ந்து, சுமார் பத்து நிமிடப் பேச்சு கூட மாதக் கணக்கில் நிலைக்கும் மனமாற்றத்தைத் தருவதாக 2016 இல் அதே இதழில் வெளியிட்டனர்.

நீதிமன்றங்களில்

அடிப்படை உரிமை ஒன்றைப் பறிப்பது வெறும் "திருத்தம்" அன்று, அரசியலமைப்பின் "மாற்றியமைப்பு". அதற்குச் சட்டமன்றத்தின் மூன்றில் இரு பங்கு ஆதரவு முதலில் தேவை என எதிர்ப்பு அணியினர் வாதிட்டனர். 1973 ஆம் ஆண்டு கேசவானந்த பாரதி வழக்கில் இந்திய உச்ச நீதிமன்றம் வகுத்த அடிப்படைக் கட்டமைப்புக் கோட்பாட்டை அறிந்தோருக்கு இவ்வாதம் பழக்கமானதாகத் தோன்றும். கலிபோர்னிய நீதிமன்றம் அதனை ஏற்கவில்லை. 2009 மே 26 அன்று 6-1 என்ற வாக்குகளில் முன்மொழிவு 8 செல்லும் எனத் தீர்ப்பளித்தது. வாக்கெடுப்புக்கு முன் நடந்த 18,000 திருமணங்களும் செல்லும் என்று அதே தீர்ப்பு கூறியது.

அடுத்து கூட்டாட்சி நீதிமன்றத்தில் வழக்குத் தொடரப்பட்டது. 2000 ஆம் ஆண்டு அதிபர் தேர்தல் வழக்கில் எதிரெதிரே நின்ற தெட் ஒல்சன், டேவிட் பாய்ஸ் என்னும் இரு வழக்குரைஞர்களும் இதில் ஒரே பக்கம் நின்றனர். 2010 சனவரியில் தொடங்கிய விசாரணையில் தேர்தல் கால விளம்பரங்களே சான்றாவணங்களாயின. தொலைக்காட்சியில் முப்பது விநாடிகளில் சொல்லப்பட்டவை சாட்சிக் கூண்டில் குறுக்கு விசாரணைக்கு உள்ளாயின. 2010 ஆகத்து 4 அன்று நீதிபதி வான் வாக்கர், முன்மொழிவு 8 அமெரிக்க அரசியலமைப்பின் சமப் பாதுகாப்புக்கு முரணானது எனத் தீர்ப்பளித்தார். மேல்முறையீட்டு நீதிமன்றமும் 2012 இல் அதை உறுதி செய்தது.

கமலா ஹாரிசின் பங்கு

சென்னையில் பிறந்து அமெரிக்கா சென்ற ஆய்வாளர் சியாமளா கோபாலனின் மகளான கமலா ஹாரிஸ், 2004 இல் சான் பிரான்சிஸ்கோ மாவட்ட வழக்குரைஞராக இருந்தபோது அந்நகரில் ஒருபால் திருமணங்களை நடத்திவைத்தவர்களுள் ஒருவர். 2010 இல் மாநிலத் தலைமை வழக்குரைஞர் பதவிக்குப் போட்டியிட்டபோது, முன்மொழிவு 8 ஐ நீதிமன்றத்தில் காக்கப்போவதில்லை என அறிவித்தார். எதிர் வேட்பாளர் ஸ்டீவ் கூலி அதனைக் காப்பதாகக் கூறியிருந்தார். ஹாரிஸ் ஒரு விழுக்காட்டுக்கும் குறைவான வேறுபாட்டில் வென்றார்.

அந்தச் சிறு வேறுபாடு வழக்கின் போக்கைத் தீர்மானித்தது எனலாம். அரசு மேல்முறையீடு செய்யாததால் முன்மொழிவைக் கொண்டுவந்தோரே வழக்கை நடத்தினர். 2013 சூன் 26 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம், அவர்களுக்கு மேல்முறையீடு செய்யும் தகுதி இல்லை என 5-4 என்ற வாக்குகளில் கூறி, வாக்கரின் தீர்ப்பை நிலைக்கவிட்டது. இரு நாட்களில் தடை நீங்கியது. வழக்கின் மனுதாரர்களான கிறிஸ் பெரி, சாண்டி ஸ்டியர் ஆகியோரின் திருமணத்தைச் சான் பிரான்சிஸ்கோ நகர மண்டபத்தில் ஹாரிசே நடத்திவைத்தார். அமெரிக்கா முழுவதற்குமான தீர்ப்பு 2015 சூன் 26 அன்று வந்தது.

சொற்கள் நீக்கப்பட்டமை

செயலிழந்த பின்னரும் பதினான்கு சொற்கள் கலிபோர்னிய அரசியலமைப்பில் எஞ்சியிருந்தன. கருக்கலைப்பு உரிமை குறித்த தன் பழைய தீர்ப்பை 2022 இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் மாற்றியபின், 2015 தீர்ப்பும் மாற்றப்பட்டால் அச்சொற்கள் உயிர்பெற்றுவிடும் என்ற கவலை எழுந்தது. சட்டமன்றம் 2023 இல் அவற்றை நீக்கும் திருத்தத்தை முன்வைத்தது. முன்மொழிவு 3 என்ற அத்திருத்தம் 2024 நவம்பர் 5 அன்று ஏறத்தாழ 63 விழுக்காடு ஆதரவுடன் நிறைவேறியது.

பிற மாநிலங்கள்

இத்தகைய தடைகள் 2012 வரை முப்பதுக்கும் மேற்பட்ட மாநிலங்களின் வாக்காளர்களால் ஏற்கப்பட்டன. அரிசோனா மட்டும் 2006 இல் நிராகரித்துப் பின் 2008 இல் ஏற்றது. 2012 நவம்பரில் மினசோட்டா வாக்காளர்கள் தடையை நிராகரித்தனர். கலிபோர்னியத் தோல்வியைப் பாடமாகக் கொண்ட அங்குள்ள பரப்புரையினர், உரிமை பற்றிய வாதத்தைக் குறைத்து, திருமணம் தமக்கு என்ன பொருள் தருகிறது என்று அண்டை அயலாருடன் பேசுவதையே மைய வேலையாகக் கொண்டனர்.

இந்தியச் சூழல்

இந்தியாவில் சட்டத்தைப் பொது வாக்கெடுப்புக்கு விடும் முறை இல்லை. அரசியலமைப்பின் அடிப்படைக் கூறுகளை மாற்ற மக்கள் வாக்கெடுப்பு வேண்டும் என்ற விதி 1978 இல் முன்வைக்கப்பட்டு, மாநிலங்களவையில் கைவிடப்பட்டது. ஆகவே இங்கு இக்கேள்வி நீதிமன்றங்கள் வழியே எழுந்தது.

கூட்டாட்சி அமைப்பும் வேறுபட்டது. அமெரிக்காவில் திருமணச் சட்டம் மாநிலங்களுக்கு உரியது. 2009 இல் மாசசூசெட்சில் மணந்து கலிபோர்னியாவில் குடியேறிய ஒருபால் இணையருக்கு, மற்ற உரிமைகள் கிடைத்தாலும் "திருமணம்" என்ற பெயர் கிடைக்கவில்லை. இந்தியாவில் திருமணம் பொதுப் பட்டியலின் ஐந்தாம் பதிவில் உள்ளது; நடைமுறையில் மையச் சட்டங்களே ஆள்கின்றன. ஓசூரில் குடியிருந்து, சூசூவாடியையும் அத்திப்பள்ளியையும் கடந்து நாள்தோறும் பெங்களூருக்கு வேலைக்குச் செல்லும் இணையருக்கு எல்லையில் பெயர்ப்பலகையின் மொழி மாறும், வாகன வரி மாறும்; திருமணத்தின் சட்ட நிலை மாறுவதில்லை. கிருட்டிணகிரி மாவட்டத்தில் ஏற்கப்படாத ஒருபால் திருமணம் கர்நாடகத்திலும் ஏற்கப்படாது. மாநிலம் முற்றிலும் அதிகாரமற்றதும் அன்று. சுயமரியாதைத் திருமணங்களைச் செல்லத்தக்கவையாக்க இந்து திருமணச் சட்டத்தில் 7அ பிரிவைத் தமிழ்நாடு 1967 இல் சேர்த்தது இதற்குச் சான்று.

2018 செப்டம்பர் 6 அன்று உச்ச நீதிமன்றம், வயது வந்தோரின் ஒருமித்த ஒருபால் உறவைக் குற்றப்பட்டியலிலிருந்து நீக்கியது. பெரும்பான்மையின் ஒழுக்க எண்ணம் அன்றி அரசியலமைப்பின் அறநெறியே அளவுகோல் என்பது அத்தீர்ப்பின் அடித்தளம். 2019 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, இந்து திருமணச் சட்டத்தில் "மணமகள்" என்ற சொல் திருநங்கையையும் குறிக்கும் எனத் தீர்ப்பளித்தது. பெற்றோருக்கு அஞ்சி மதுரையிலிருந்து சென்னைக்கு வந்த இரு பெண்களின் வழக்கில் 2021 சூனில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், காவல்துறை இவர்களைத் துன்புறுத்துவதைத் தடுக்கும் விரிவான ஆணைகளைப் பிறப்பித்தார். தீர்ப்பு எழுதுமுன் தாமே உளவியல் ஆலோசகரை நாடிப் புரிந்துகொண்டதையும் அவர் பதிவு செய்தார். அவ்வழக்கின் தொடர்ச்சியாகவே, மதிப்பான தமிழ்ச் சொற்களைக் கொண்ட அருஞ்சொற்பட்டியல் ஒன்றைத் தமிழ்நாடு அரசு 2022 இல் வெளியிட்டது.

திருமண உரிமை குறித்த வழக்கில் 2023 அக்டோபர் 17 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகளும், திருமணம் அரசியலமைப்பு தரும் அடிப்படை உரிமை அன்று என ஒருமித்தனர். திருமணம் அல்லாத இணைவுக்கு அரசு ஏற்பளிக்க வேண்டுமா என்பதில் 3-2 எனப் பிரிந்து, முடிவைச் சட்டமியற்றுவோரிடம் விட்டனர். மறுசீராய்வு மனுக்கள் 2025 சனவரியில் தள்ளுபடியாயின. குடும்ப இணைவுப் பத்திரம் ஒன்றை ஒருபால் இணையர் பதிவு செய்ய வழிசெய்வது குறித்துத் தமிழ்நாடு அரசு கருதிப் பார்க்கலாம் என 2023 நவம்பரில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் கூறியிருந்தார். தன் இணையைப் பெற்றோர் அடைத்து வைத்திருப்பதாக ஒரு பெண் தொடுத்த ஆட்கொணர்வு மனுவில், 2025 மே 22 அன்று சென்னை உயர் நீதிமன்ற நீதிபதிகள் ஜி. ஆர். சுவாமிநாதனும் வி. லட்சுமிநாராயணனும், திருமணம் ஏற்கப்படாவிடினும் ஒருபால் இணையர் குடும்பமாக அமையலாம் எனக் கூறி, அப்பெண்ணைத் தன் விருப்பப்படி செல்ல விடுவித்தனர்.